ஒரு மடக்கின் அளவு

"எத்தனை மடக்குப்பா?" பாலகுரு மூன்றாவது தடவையாகக் கேட்டான். அப்பா அப்படித்தான். பேச வேண்டிய நேரத்தில் பேச மாட்டார், வாயை மூட வேண்டிய நேரத்தில் தெருவே கேட்கப் பேசுவார், பிறவிக் குணம். சோறு வடித்துவிட்டு வருவதற்குள், அவ்வளவுதான், கஞ்சி ஒட்ட வடியட்டும் என்று பானையைச் சாய்த்து வைத்துக்கொண்டு அவன் அடுப்படியில் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள், மனுஷன் கட்டிலை விட்டு இறங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்வாசலுக்கு வந்து, டிரம்முக்குப் பின்னால் குத்தவைத்து, பச்சை டியூபை வாய்க்குள் விட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். இவன் பிடுங்கிய வேகத்தில் தண்ணீர் சுவரில் அடித்து இரண்டு பேரையும் நனைத்தது. இப்போது தாடையிலிருந்து சொட்டுகிறது. கைலி தொடையோடு ஒட்டிக்கிடக்கிறது. ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன இடது கை, அதைப் பொன்னைப்போலப் பாத்துக்கணும் என்று நர்ஸம்மா சொன்ன கை, அதிலும் தண்ணீர் வழிகிறது. "கொப்பளிச்சேன்டா" என்றார் கடைசியில். கொப்பளித்தாராம். கொப்பளிக்கிறவன் துப்புவான். துப்பின எச்சி எங்கே? தொண்டைக்குழி ஏறி இறங்கினதை இவன் தன் கண்ணால் பார்த்தானே. ஆனால் பார்த்தது கடைசி ஒன்றை மட்டும்தான், அதற்கு முன்னால் எத்தனை ஏறி எத்தனை இறங்கியதோ, அதுதான் தெரியவில்லை, அதுதான் மண்டைக்குள் ஆணி மாதிரி நிற்கிறது. டம்ளரில் குடித்திருந்தால் மிச்சத்தை அளந்து கழித்துக்கொள்ளலாம். சொம்பில் குடித்தாலும் கழித்துக்கொள்ளலாம். ஓடுகிற டியூபில் குடித்ததை எதிலிருந்து கழிப்பது? கிட்னி செத்து மூத்திரம் நின்றுபோன உடம்பு. உள்ளே போன தண்ணீர் நாளைக்குப் பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷினில் போட்டு எடுக்கிறவரைக்கும் உள்ளேயேதான் கிடக்கும். காலில் இறங்கும், வயிற்றில் தங்கும், இடம் பத்தாமல் போனால் நெஞ்சுக்கு ஏறி மூச்சை அடைக்கும். ஒரு நாளைக்கு அறுநூறு மில்லி, காப்பி, குழம்பு, மாத்திரைத் தண்ணி எல்லாம் சேர்த்து என்று டாக்டர் விரலை ஆட்டிச் சொன்னபோது இதே அப்பா பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரித் தலையை ஆட்டினார். தலையை ஆட்டுவதில் மட்டும் குறையே கிடையாது.

ஒரு மடக்கு எவ்வளவு என்று பாலகுருவுக்குத் தெரியும். ஊரில் வேறு எவனுக்காவது தெரியுமா? இவனுக்குத் தெரியும், ஏனென்றால் இவன் அளந்திருக்கிறான். வாய்க்குள் தண்ணீரை எடுத்து, விழுங்கப் போகிற நேரத்தில் நிறுத்தி, அளவு சிலிண்டருக்குள் துப்பிப் பார்த்திருக்கிறான். சும்மா இருக்கும்போது இருபதைத் தொடவில்லை. சரி, அப்பாவுடையது சும்மா மடக்கா என்று தோன்றவும், ஒரு நாள் காலையிலிருந்து பச்சைத்தண்ணி பல்லில் படாமல் மத்தியான வெயிலில் காந்திநகர் வரைக்கும் சைக்கிளை மிதித்துவிட்டு வந்து மறுபடி அளந்தான். நாற்பதைத் தாண்டியது. அப்பாவுக்கு வாய் பெரிசு, கடைவாயில் பல் வேறு இல்லை, இடம் தாராளம். அப்படியானால் நாலு மடக்கு என்றால்? எட்டு என்றால்? நூறாகவும் இருக்கலாம், நானூறாகவும் இருக்கலாம், நடுவில் ஒரு உயிர் தொங்குகிறது, இவர் கொப்பளித்தேன் என்கிறார். அதுவும் இன்றைக்குப் பார்த்து. ஒரு வாரம் கழித்து இன்றைக்குத்தான் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள். எந்த வீட்டு வாசலில் காதை வைத்தாலும் தண்ணீர்ச் சத்தம். குடத்தில் விழுகிற தண்ணீர் முதலில் கனத்த குரலில் பேசும், நிறைய நிறையக் குரல் மெலியும், கழுத்துக்கு வந்ததும் கீச்சென்று கத்தும். படுத்துக்கிடந்தபடியே எந்த வீட்டுக் குடம் நிறைந்தது என்று அப்பா சொல்லிவிடுவார். அவர் காதில் அதைத் தவிர வேறொன்றும் விழாத நாள் இது. இன்றைக்குக் கதவைப் பூட்டியிருக்க வேண்டும். பெத்த அப்பனை உள்ளே வைத்துப் பூட்டுவதா? பூட்டியிருக்க வேண்டும். "பாலு, ஏய் பாலு!" பக்கத்து வீட்டு மாரீஸ்வரி அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டியது. "டிரம்மு நெறஞ்சு சாக்கடையில ஓடுது, பாக்காம நிக்கிறியே. இங்க நாலு கொடம் காஞ்சு கெடக்கு." பாலகுரு டியூபைச் சுவருக்கு மேலே அந்தப் பக்கம் எறிந்தான். "மெல்லடா, மூஞ்சியில அடிக்கப் பாக்குற" என்று அக்கா சிரித்தது. அப்பாவைப் பார்த்தது. சிரிப்பு நின்றது. "அண்ணே, எந்திரிச்சு நடமாடுறீங்களா? பரவாயில்லயே. நீங்க குடுத்துவச்சவுக. இந்தக் காலத்துல எந்தப் பய அப்பனுக்காகப் படிப்ப விட்டுட்டு வீட்டுல கெடப்பான்?" பாலகுருவுக்குச் சுர்ரென்று ஏறியது. அப்பனுக்காக. தெரு முழுக்க இதையே சொல்கிறது. இவன் படிப்பை விட்டது அப்பா படுக்கையில் விழுவதற்கு முன்னால். விட்டது அப்பாவுக்காக அல்ல, அப்பாவால். வார்த்தையின் வால் மாறினால் என்ன என்று ஊர் நினைக்கிறது. "அக்கா, கொடம் நெறஞ்சிருச்சு பாருங்க" என்றான். தலை இறங்கியது.

அடுப்படிக்கு வந்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். மேடையில் வரிசையாக இருக்கின்றன, இவனுடைய ஆயுதங்கள். நூறு மில்லி அளவு சிலிண்டர், வாய் ஓரம் சில்லுப் பெயர்ந்தது, அப்பா லேபில் வேலை பார்த்த காலத்தில் உடைசலோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தது. அம்மா அதில் ஊதுபத்தி செருகி வைத்திருந்தாள். ஊசி இல்லாத பத்து மில்லி சிரிஞ்சு இரண்டு, வார்டில் கேட்டு வாங்கியது, ஒன்று மாத்திரைத் தண்ணிக்கு, ஒன்று எலுமிச்சைக்கு. இந்த வீட்டில் குழம்பு கொதித்து எத்தனை நாளாயிற்று. ரசம் என்ற பேச்சே கிடையாது. துவையல், பொரியல், துவையல், பொரியல். தாளிக்கிறபோது காய் வேகத் தெளிக்கிற தண்ணீரைக்கூடச் சிரிஞ்சில் எடுத்துத் தெளிக்கிறான். சுண்டிப் போகிறதே, அதுவும் கணக்கா என்று அம்மா கேட்டாள். சுண்டினது போக மிச்சம் காய்க்குள்தானே இருக்கிறது என்று இவன் கத்தினான். தெரியாத எதையும் உள்ளே விட இவனுக்குப் பயம். உப்பும் கிடையாது, உப்பு போட்டால் தாகம் எடுக்கும். உப்பில்லாத சோற்றைத் திங்கவைப்பதற்கு இவன் கண்டுபிடித்த வழி எலுமிச்சை. பழத்தைப் பிழிந்து வடிகட்டிச் சிரிஞ்சில் ஏற்றி, தட்டில் அப்பாவுக்கு முன்னாலேயே ஒவ்வொரு சொட்டாக விடுவான். ஒரு சொட்டு, பிசைவார், வாயில் வைப்பார், "இல்ல." இன்னொரு சொட்டு, "இல்ல." இன்னொன்று. ஒரு இடத்தில் அவர் முகம் மாறும். புருவம் லேசாக மேலே போகும், நாக்குக்கு அடியில் ஊறும், அந்த ஊறலே அவருக்குக் கொஞ்சம் தண்ணீர் குடித்த மாதிரி. அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். அடுத்த சொட்டு விட்டால் "புளிச்சுப்போச்சு" என்று தட்டைத் தள்ளிவிடுவார். இவன் எத்தனையோ வேளை நிறுத்தியிருக்கிறான், சரியாக, அந்தப் புருவத்தைப் பார்த்து. ஒரு வார்த்தை சொன்னாரா? நல்லாருக்குடா என்று வேண்டாம். ம் என்று? திங்கிறதும் கை கழுவுகிறதும், கை கழுவுகிற தண்ணீரில் விரலை நக்குகிறதும். அதையும் இவன் பார்த்திருக்கிறான், பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்திருக்கிறான், விரலில் எவ்வளவு ஒட்டும், ஒரு மில்லி ஒட்டுமா என்று. பிறகு அந்த ஒரு மில்லியையும் சாயங்காலக் காப்பியில் குறைத்திருக்கிறான். சொல்லாமல். அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தான். அவருக்கா தெரியாது? சிலிண்டரும் குடுவையுமாகவே வாழ்ந்த ஆளுக்கா?

லேப் என்றால் இவனுக்கு இப்போதும் வாயில் அந்த இரும்புச் சுவை வருகிறது. பிப்பெட் குழாயை வாயால்தான் உறிஞ்சச் சொல்வார்கள், கோட்டுக்கு மேலே கொஞ்சம் ஏறியதும் விரலால் அடைக்க வேண்டும், கொஞ்சம் அசந்தால் நாக்கில் படும். அப்பா இவன் படித்த ஸ்கூலில் லேப் அட்டெண்டர். விரல் நுனியெல்லாம் பெர்மாங்கனேட் கறை, காப்பிக்கொட்டை நிறம், கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரன் பார்ப்பான். பிளஸ் டூ பிராக்டிகல் பரீட்சை அன்றைக்கு வெளியூர் சார் வருவதற்கு முன்னாலேயே அப்பா பியூரெட்டை, அந்தச் சொட்டு விடுகிற கண்ணாடிக் குழாயை, நிரப்பி ஒரு தடவை செய்து பார்த்துவிடுவார், எவ்வளவு விட்டால் நிறம் நிற்கிறது என்று. அது வருஷா வருஷம் நடக்கிறதுதான். பிறகு, பசங்க மேஜையில் தண்ணீர்ப் பாட்டில் நிரப்புகிற சாக்கில் ஒவ்வொரு மேஜையாகப் போவார், உதடு அசையாது, அளவு மட்டும் பையன் காதில் விழும். இவன் வருஷமும் எல்லாப் பயலுக்கும் சொன்னார். இரும்புக்கடைக்காரர் மகனுக்குச் சொன்னார். எந்நேரமும் இவனை "பாட்டில் கழுவி மகன்" என்று கூப்பிட்ட அந்த விஜயபாஸ்கருக்கும் குனிந்து சொன்னார். இவன் மேஜைக்கு வந்தார், பாட்டிலை நிரப்பினார், போய்விட்டார். மறந்துவிட்டார், திரும்பி வருவார் என்று இவன் நினைத்தான். பியூரெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, குடுவையை ஆட்டிக்கொண்டு, கண்ணை அவர் முதுகின் மேலேயே வைத்திருந்தான். சொட்டு விழுந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சொட்டும் சிவந்து சிவந்து மறைகிறது. அவர் கடைசி மேஜைக்குப் போகிறார். சொட்டு. அவர் கை துடைக்கிறார். சொட்டு. சன்னல் பக்கம் போய் நிற்கிறார். இவன் குனிந்து பார்த்தபோது குடுவை பீட்ரூட் சாறு மாதிரி இருந்தது. ரோஸ் இதழ் நிறத்தில் நிற்க வேண்டியது. அப்போது வந்தார். வந்து குடுவையைத் தூக்கி, வெள்ளை ஓட்டுக்கு மேலே பிடித்துப் பார்த்து, உதடு நன்றாக அசைய, லேபுக்கே கேட்க, "தாண்டிருச்சு" என்றார். விஜயபாஸ்கர் சிரித்தான். வெளியூர் சாரும் சிரித்தார். இவன் குடுவையை அப்படியே வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தவன்தான். எழுத்துப் பரீட்சைக்கும் போகவில்லை. வீட்டில் ராத்திரி அப்பா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ எம் மகன். ஒனக்குச் சொன்னா ஊரு என்ன பேசும்?" ஊரு! ஊரா வந்து இப்போது சிரிஞ்சு பிடிக்கிறது? அளவைத் தெரிந்துவைத்துக்கொண்டு சொல்லாமல் இருப்பதில் என்ன சுகம் இந்த ஆளுக்கு? அன்றைக்கும் இன்றைக்கும். எத்தனை மடக்கு என்று கேட்டால் ஒரு எண்தானே, சொன்னால் என்ன, நாக்கு அறுந்தா போகும்?

எடை மெஷின் ஞாபகம் வந்தது. ஏன் முதலிலேயே வரவில்லை? அரைக் கிலோ ஏறினால் அரை லிட்டர், தண்ணீருக்கு அதற்கு மேல் கணக்குக் கிடையாது, உடம்பு பொய் சொல்லாது. கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வந்து பின்வாசலில் போட்டான். "ஏறுப்பா." அப்பா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். "காலையிலதான ஏறுனேன்." "இப்ப ஏறு." "எதுக்கு?" "நீ கொப்பளிச்சது எவ்வளவுன்னு பாக்க." ஏறினார். ஏறும்போதே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். முள் காலையில் இருந்ததற்குக் கீழே போய் நின்றது. "கையை எடு." "விழுந்துருவேன்டா." "நான் புடிச்சுக்கிறேன்." "நீ புடிச்சாலும் அதே கணக்குத்தான்." பாலகுரு இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினான், போலீஸ்காரனுக்கு முன்னால் திருடன் நிற்கிற மாதிரி, ஆனால் திருடன் எதிரில் இருந்தான். நிலையை விட்டார். இப்போது முள் துடித்தது. குனிந்து பார்த்தால் ஒரு கால் கட்டைவிரல் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. "அந்தக் காலையும் ஏத்துய்யா, தேர்ல ஏறுற மாதிரி ஒவ்வொண்ணா ஏத்துற." அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவனுக்கும் வந்தது, வந்ததும் இன்னும் கோபமாக வந்தது. இந்த ஆளோடு சிரிக்கக் கூடாது. இரண்டு காலும் ஏறியபோது முள் காலையில் இருந்ததைத் தாண்டி முக்காலுக்குப் பக்கத்தில் நின்றது. முக்கால் கிலோ. "ஈரக் கைலிடா" என்றார் அப்பா. ஆமாம், ஈரக் கைலி. "அவுரு." "மாரீஸ்வரி எட்டிப் பாத்தா?" "அது பாக்காததா, ஆஸ்பத்திரியில நீ எந்தக் கோலத்துல கெடந்த." துண்டைக் கட்டிக்கொண்டு மறுபடி ஏறினார். முள் கொஞ்சம் இறங்கியது. கொஞ்சம்தான். ஆனால் நடுவில் இட்லி தின்றாரே. மூன்று இட்லி. ஒரு இட்லி எத்தனை கிராம்? இட்லிக்குள் எத்தனை மில்லி? ராத்திரியே மாவில் எவ்வளவு தண்ணீர் விட்டோம்? கழிக்கக் கழிக்கக் கணக்கு வளர்ந்துகொண்டே போனது, இட்லியிலிருந்து மாவுக்கு, மாவிலிருந்து உளுந்துக்கு, ஒரு முனையைப் பிடித்தால் இன்னொரு முனை நழுவுகிறது, கடைசியில் முள் சொன்னதும் ஒன்றுமில்லை, அப்பா சொன்னதும் ஒன்றுமில்லை. மெஷினைக் காலால் தள்ளினான். அது சுவரில் போய் இடித்தது. "ஒடச்சிராத, உங்கம்மா ஒழைச்சு வாங்குனது" என்றார் அப்பா. வாயைத் திறக்கக் கூடாத நேரத்தில்.

போன சித்திரையில் தர்ப்பூசணி. "தண்ணி இல்லையேடா, பழந்தான" என்று கேட்டார், கெஞ்சினார், அம்மா ஒரு கீற்று கொடுத்தாள், பிறகு இன்னொரு கீற்று. இவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். விடியும்போது ஒரு சத்தம். குடம் நிறைகிற சத்தம் என்றுதான் அரைத் தூக்கத்தில் நினைத்தான், அன்றைக்குத் தண்ணீர் வருகிற நாள் இல்லையே என்று நினைத்தான், பிறகுதான் சத்தம் கட்டிலிலிருந்து வருகிறது என்று தெரிந்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் கட்டில் சட்டத்தில் ஊன்றி, வாயால் காற்றை அள்ளிக்கொண்டிருந்தார். உள்ளே போகிற ஒவ்வொரு மூச்சும் தண்ணீருக்குள் போய் வந்தது. ஆம்புலன்ஸில் போகும்போது அவர் இவன் சட்டையைப் பிடித்திருந்தார், பொத்தான் இரண்டு பிய்ந்து வந்தது. முழுகிச் சாகிறவன் கண் எப்படி இருக்கும் என்று இவனுக்குத் தெரியும். கிணறு வேண்டாம், கண்மாய் வேண்டாம், கட்டிலில் உட்கார்ந்தபடியே. அதற்கப்புறம்தான் சிலிண்டரிலிருந்து ஊதுபத்தியை எடுத்து எறிந்தான். அதே கண்ணை வைத்துக்கொண்டு டியூபைச் சப்புகிறாரே, மறந்துவிட்டாரா, எப்படி மறக்கும், இல்லை, மறக்கவில்லை, தெரிந்தேதான். தெரிந்தும் குடிக்க வைக்கிற தாகம் எப்படி இருக்கும்? வேண்டாம். அதை யோசிக்கக் கூடாது. சைக்கிள் மிதித்துவிட்டு வந்த அன்றைக்கே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பார்க்கிற இடமெல்லாம் பளபளத்தது. அது ஒரு மத்தியானம். இவருக்கு எல்லா மத்தியானமும். யோசிக்காதே என்றால் மண்டை இன்னும் யோசிக்கிறது. அப்பாவின் மூச்சைக் கேட்டான். இப்போதைக்குச் சத்தமில்லை. இப்போதைக்கு. போன் அடித்தது, அம்மா, மில்லில் டீ நேரம், பின்னால் மெஷின் இரைச்சல். "தண்ணி புடிச்சிட்டியா?" "புடிச்சிட்டேன்." "அவரு?" சொல்லாமல் விட்டால் என்ன என்று ஒரு நொடி தோன்றியது. சொன்னான். டியூப், டிரம், மெஷின், முள் எல்லாவற்றையும். அம்மா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "மூச்சு எப்படி இருக்கு?" "நல்லாத்தான் இருக்கு." "கால் வீங்கிருக்கா?" "நேத்து மாதிரிதான்." "சாயங்காலத்துக்கு எவ்வளவு வச்சிருக்க?" "நூறு." "அத எடுத்து அவரு கண்ணு முன்னாடி கொட்டு." "யம்மா, மாத்திரை போடணும்ல." "எச்சியில முழுங்கட்டும். ஒளிச்சு வச்சா கேட்டு வாங்கிருவாரு, நீயும் குடுத்துருவ. கொட்டுனாத்தான் இல்லன்னு ஆகும்." "இன்னைக்கு ஒரு நாளைக்கு..." "போன தடவ நானும் அப்படித்தான் நெனச்சேன் பாலு" என்றாள் அம்மா. "பழத்த அறுத்துக் குடுத்தது என் கையி. கொட்டுய்யா. கொட்டிட்டு எனக்குப் போன் போடு."

கொட்டத்தான் போகிறான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தூக்குச்சட்டியில் மூடி வைத்திருந்த ஆறின தண்ணீரைச் சிலிண்டரில் சாய்த்தான், கோடு வரைக்கும். அம்மா சொன்னது சரி. டாக்டர் கேட்டால் அதையேதான் சொல்வார். உள்ளே போனது நூறா நானூறா என்று தெரியாதபோது இனிமேல் போகிறதை நிறுத்துவதுதான் ஒரே கணக்கு, எல்.கே.ஜி. பிள்ளைக்குக்கூடப் புரியும். இவர் கேட்பார். கெஞ்சுவார், "ஒரே ஒரு மூடிடா" என்பார், கிடைக்கவில்லை என்றால் வைவார், நாயே பேயே என்பார், அப்போது சொல்வதற்கு இவனிடம் நிறைய இருக்கிறது, அன்றைக்கு லேபில் சொல்லாமல் வந்தது, ராத்திரித் தட்டுக்கு முன்னால் சொல்லாமல் விட்டது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே ஊற்ற வேண்டும், மெதுவாக, ஒரு சொட்டு ஒரு வார்த்தையாக. கேளு, கேட்டுத் தொலை என்று நினைத்துக்கொண்டே பின்வாசலுக்கு வந்தான். தெருவில் தண்ணீர் நின்றுபோயிருந்தது. குழாய் காற்றை மட்டும் புஸ்ஸென்று விட்டது. அப்பா படிக்கட்டிலேயே இருந்தார், துண்டோடு, தோள் எலும்பு இரண்டும் ஹாங்கர் மாதிரித் தூக்கிக்கொண்டு. சாக்கடை வாய்க்கு நேராகப் போய் நின்று பாலகுரு சிலிண்டரை அவருக்குத் தெரிகிற மாதிரி உயர்த்தினான். "அம்மா இதக் கொட்டச் சொல்லிருச்சு." இப்போது கேட்பார். அப்பா சிலிண்டரைப் பார்த்தார். இவனைப் பார்க்கவில்லை. உதட்டை நாக்கால் தடவினார், நாக்கிலும் ஈரமில்லை, உதடு நனையவில்லை. "கொட்டிரு" என்றார். பாலகுருவுக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று இருந்தது. "என்ன?" "கொட்டிருடா. அவ சொல்றதுதான் சரி. கொட்டிரு." அவ்வளவுதான் சொன்னார். எத்தனை என்று இப்போதும் சொல்லவில்லை, ஆனால் இவனுக்குத் தெரிந்துவிட்டது. கொப்பளித்தவன் சண்டை போடுவான். ரெண்டு மடக்குக் குடித்தவன்கூடப் பேரம் பேசுவான். ஒரு எதிர்ப்பும் இல்லாமல் கொட்டச் சொல்கிறவன் வயிறு முட்டக் குடித்திருக்கிறான், குடித்ததற்குப் பயந்துபோயும் இருக்கிறான். நெஞ்சு திடுக்கென்றது. அதோடு சேர்ந்து ஏறியது ஆத்திரம், இதுவரைக்கும் வந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி. கேளேன்யா. கெஞ்சேன். உன் தண்ணீர், உன் நூறு மில்லி, பிடுங்கேன், அடியேன், ஒரு தடவையாவது என்னிடம் ஒன்றைக் கேளேன். அவர் கேட்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஊசிக் கையை மடியில் வைத்துக்கொண்டு, வாத்தியார் அடிக்கப் போகிற பிரம்பைப் பார்க்கிற பையன் மாதிரி, தண்ணீர் போகப் போகிற சாக்கடை வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொட்டுவதற்கு ஒன்றும் பெரிய வேலை இல்லை. மணிக்கட்டைத் திருப்பினால் போதும். உள்ளே போன் அடிக்க ஆரம்பித்தது. அம்மாதான், கொட்டியாச்சா என்று கேட்கத்தான். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அப்பா தலையைத் திருப்பாமல் இன்னொரு தடவை, "கொட்டுய்யா" என்றார். பாலகுரு மணிக்கட்டைத் திருப்பவில்லை.